மலையைச் சுற்றிய தவளை வண்டி

சாயங்காலம் நாலு மணியானால் அந்தச் சத்தம் வரும்.

பெரிய தையல் மிஷினை யாரோ விடாமல் மிதிக்கிற மாதிரி ஒரு படபடப்பு. அதற்கு மேல் மெல்லியதாக ஒரு விசில். செங்கம் ரோட்டில் என் பட்டறையைத் தாண்டி, கிரிவலப் பாதைக்குள் திரும்பி, புளியமரங்களுக்கு நடுவே தேய்ந்து மறையும். ஒரு மணி நேரத்தில் மலையைச் சுற்றி, ஊருக்குள் புகுந்து, மறுபடியும் என் பட்டறை வழியாகவே திரும்பும்.

தரையோடு தரையாக ஒரு சின்ன கார். பச்சை நிறம். முன்பக்கம் இரண்டு உருண்டை விளக்குகள் முழித்துக்கொண்டிருக்கும். ஊரில் அதற்குத் தவளை வண்டி என்று பேர் வைத்துவிட்டார்கள். ஓட்டுகிறவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்கார அம்மாள். தலையில் பூப்போட்ட துணி கட்டியிருப்பார். பக்கத்து சீட்டு எப்போதும் காலி.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயசு. டீசல் இன்ஜின், ஸ்கூட்டர், எப்போதாவது ஒரு லாரி, இவ்வளவுதான் என் தொழில். கீழ்பென்னாத்தூர்க் கிணறுகளைப் பற்றிச் சென்ற வாரம் இந்தத் தொடரில் எழுதியதைப் படித்துவிட்டு, "உங்கள் கையில் ஒரு வண்டிகூடக் கெட்டுப்போனதில்லையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

கெட்டுப்போயிருக்கிறது. அதுவும் இந்த வண்டிதான்.

தண்ணீர் கேட்காத இன்ஜின்

பங்குனி மாசம் ஒரு நாள், அந்த அம்மாள் பட்டறை முன்னால் வண்டியை நிறுத்தினார். முகம் சிவந்து வியர்வை ஓடியது. "ஹாட், ஹாட்" என்றார்.

நான் முன்பக்க மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரு டயரும் ஒரு துணிப் பெட்டியும் இருந்தன. அவர் அந்தக் களைப்பிலும் சிரித்துவிட்டார். இன்ஜின் பின்னால் இருந்தது.

பின்பக்கம் போய் ரேடியேட்டரைத் தேடினேன். இல்லை. தண்ணீர் ஊற்ற ஒரு வாயே இல்லை.

எங்கள் பக்கம் இன்ஜின் என்றால் தண்ணீர்தான். இறைக்கிற கிணற்றுத் தண்ணீரிலேயே கொஞ்சத்தை ஒரு குழாய் வழியாக இன்ஜினுக்குள் விட்டு வெளியே எடுப்போம். வெதுவெதுவென்று வரும் அந்தத் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் வேர்க்கடலைக் கொல்லைக்காரர்கள் வீட்டுக்குப் போவார்கள். மார்கழியில் அந்தக் குழாயடியில் இடம் பிடிக்கச் சண்டையே நடக்கும். லாரிக்காரர்களும் அப்படித்தான். ஏரிக்கரையில் நிறுத்தி, அரை வாளியை ரேடியேட்டரிலும் அரை வாளியைத் தங்கள் தலையிலும் ஊற்றிக்கொள்வார்கள்.

இதுவோ காற்றிலேயே ஆறுகிற இன்ஜின். பெல்ட்டில் ஒரு விசிறி சுற்றுகிறது. அந்தக் காற்று சிலிண்டர்களின் மேல் இறங்கி, சூட்டை வாரிக்கொண்டு அடிப்பக்கமாக வெளியே போகிறது. தினமும் நான் கேட்ட விசில் அந்த விசிறியினுடையது.

எனக்கும் இங்கிலீஷ் அரைகுறை. அந்த அம்மாளுக்கும் அரைகுறை. அவர் பேசுகிற பாஷை ஜெர்மன். ஆனால் இரண்டு அரைகுறைகள் சேர்ந்தால் ஒரு மாதிரி பேச்சு நடக்கும். அவர் பேர் மார்த்தா என்று தெரிந்துகொண்டேன். மலைப்பக்கம் ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தார்.

"தினம் எதுக்கு மலையைச் சுத்தறீங்கம்மா? வேண்டுதலா?" என்று கேட்டேன்.

"மகன்" என்றார். மலையைக் காட்டினார்.

யாருக்காக அந்தச் சுற்று

மார்த்தா அம்மாளுக்கு ஒரே மகன். பேர் தாமஸ். பத்தொன்பது வயதில் அவனும் அவன் அப்பாவும் சேர்ந்து, எங்கோ ஒரு களத்தில் துருப்பிடித்துக் கிடந்த இந்தக் காரை வாங்கி வந்து, இரண்டு வருஷம் மாடாக உழைத்து ஓட வைத்திருக்கிறார்கள். அடுத்த வருஷம் அப்பா செத்துப்போனார். மகன் ஒரு பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். ஒரே ஒரு கடிதம். அதில் எங்கள் ஊர்ப் பேர்.

நாலு வருஷம் பொறுத்துப் பார்த்திருக்கிறார் அந்த அம்மாள். அதற்குப் பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டார், ஐம்பது வயதுக்கு மேல். துருக்கி, ஈரான் வழியாக அந்தத் தவளை வண்டியை எங்கள் ஊருக்கே ஓட்டி வந்துவிட்டார். வண்டியைப் பார்த்தால் பையனுக்கு வீட்டு நினைப்பு வரும் என்று ஒரு நம்பிக்கை.

வந்த வாரத்தில் மகன் ஒரு தடவை கண்ணில் பட்டிருக்கிறான். காவி வேட்டி, தாடி. "திரும்பிப் போயிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு மலையேறிவிட்டான். இவர் தேடிக்கொண்டு போனபோது அவன் இருந்த மண்டபம் காலி. இடம் மாறிவிட்டான்.

"மலையில எங்கே இருந்தாலும் சத்தம் கேக்கும், இல்லையா?" என்று என்னிடம் கேட்டார்.

கேட்கும் என்றேன். மார்கழியிலிருந்து அப்படித்தான் சுற்றிக்கொண்டிருந்தார். குளிர்காலத்தில் வண்டிக்கு ஒன்றும் தெரியவில்லை. வெயில் ஏறியதும் இன்ஜின் திணறத் தொடங்கிவிட்டது.

இதைக் கேட்ட பிறகு எனக்கு வந்த வேகத்தைச் சொல்ல முடியாது. எப்படியாவது இந்த வண்டியைச் சூடாகாமல் ஓட வைத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அந்த அவசரம்தான் கெடுத்தது.

நான் கழற்றிய தகரங்கள்

இன்ஜினைச் சுற்றிலும் தகர மூடிகள். மேலே, பக்கத்தில், பின்னால் என்று ஏழெட்டு. இடுக்கு இல்லாமல் ரப்பர் பட்டை வைத்து அடைத்திருந்தது. எனக்குப் பார்க்கும்போதே மூச்சு முட்டியது. நாமே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற வெயிலில், இதற்குப் போய் இவ்வளவு போர்வையா?

"குளிர் தேசத்துக்குப் பண்ணதும்மா இது. நம்ம ஊருக்கு ஆவாது" என்று சொல்லி, எல்லாத் தகரத்தையும் கழற்றிப் போட்டேன். பின்மூடியைச் சாத்தாமல், ஒரு கட்டையைக் கொடுத்துத் தூக்கி வைத்தேன். இன்ஜின் வெட்டவெளியில் உட்கார்ந்த மாதிரி ஆனது.

அந்த அம்மாள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் மனைவி வசந்தாவிடம் பெருமையடித்தேன். ஒரு ஜெர்மன் வண்டிக்கே வைத்தியம் பார்த்தவன் நான்.

மூன்று நாள் ஓடியது. நாலாம் நாள் நாலு மணிக்குப் போன சத்தம் திரும்பி வரவில்லை.

ஐந்தரை மணிக்கு ஒரு சைக்கிள்காரர் வந்து சொன்னார். அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் தவளை வண்டி நின்றுவிட்டது, பின்னால் புகை வருகிறது. ஓடினேன். அந்த அம்மாள் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். வண்டியில் காய்ந்த எண்ணெய் நாற்றம். இன்ஜின் இறுகிவிட்டது, பெல்ட்டைப் பிடித்து அசைத்தால் அசையவில்லை.

கிராமத்தில் ஒருவரிடம் மாட்டு வண்டி கேட்டு, கயிறு போட்டு இழுத்து வந்தோம். அவர் வழியெல்லாம், "இத்த இழுக்கறதுக்கு மாடு வேணும்னா, அதுக்குள்ள பெட்ரோல் எதுக்குங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

சாமி இறங்கி வந்தார்

மறுநாள் காலை. இன்ஜினை இறக்கிப் பலகை மேல் வைத்துவிட்டு, எங்கே தொடுவது என்று தெரியாமல் நின்றிருந்தேன். மார்த்தா அம்மாள் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பின்னால் ஒரு குரல்.

"தகரம் எங்க, அண்ணா?"

திரும்பினேன். காவி வேட்டி, செம்பட்டைத் தாடி, வெயிலில் கறுத்துப்போன ஒரு வெள்ளைக்கார சாமி. தமிழ் எங்கள் ஊர்த் தமிழ். டீக்கடையிலும் சாமியார்களிடமும் கற்றது.

"எந்தத் தகரம் சாமி?"

"இஞ்சின சுத்தி இருக்குமே. மூணு நாளா சத்தம் மாறிப்போச்சு. விசில் கம்மியா, அடி ஜாஸ்தியா கேட்டுது. நேத்து பாதியில நின்னுடுச்சு. தகரம் எங்க?"

அதற்குள் ஸ்டூலிலிருந்து அம்மாள் எழுந்துவிட்டார். மகன் அப்போதுதான் அவரைப் பார்த்தான். இரண்டு பேரும் நகரவில்லை. அவர் என்னமோ மெதுவாகச் சொன்னார், இரண்டே வார்த்தை. என்ன சொன்னார் என்று பிற்பாடு அவனிடம் கேட்டேன். "ஒல்லியாயிட்டே" என்றாராம்.

அவன் போகவில்லை. இன்ஜின் பக்கம் குனிந்துவிட்டான்.

நான் உண்மையைச் சொன்னேன். "நான்தான் கழட்டினேன் சாமி. காத்துக்கு வழி வுடலாம்னு."

அவன் சிலிண்டரைக் கையால் தடவிக்கொண்டே கேட்டான். "ஸ்கூட்டர்ல சிலிண்டர் மேல ஒரு மூடி இருக்குமே, அத்த கழட்டிட்டு ஓட்டுவீங்களா?"

"மாட்டேன்."

"ஏன்?"

"சூடாயிடும்."

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. தினமும் ஸ்கூட்டருக்கு நானே இறுக்கி மாட்டுகிற மூடி. அதே சங்கதி இங்கே கொஞ்சம் பெரிசாக இருந்ததால் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. மேலே குளிர்ந்த காற்று, கீழே சூடான காற்று; இரண்டுக்கும் நடுவில் சுவர் மாதிரி நிற்பதுதான் அந்தத் தகரம். சுவரை எடுத்துவிட்டால், வெளியே தள்ளிய சூட்டையே விசிறி மறுபடி உள்ளே இழுக்கும்.

"காத்துக்கு வழி வுடறது வேற, அண்ணா. காத்த கைவுட்டுடறது வேற" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்பேனரைக் கேட்டான்.

கலீல் பாயின் புனல்கள்

தகரங்களைப் பட்டறைக்கு வெளியே போட்டிருந்தேன். போய்ப் பார்த்தால் நாலுதான் கிடந்தன. மிச்சத்தைப் பக்கத்துக் கடைத் தகர வேலைக்காரர் கலீல் பாய் எடுத்துப்போய்விட்டார். மூன்று தலைமுறையாக ஊரில் மண்ணெண்ணெய் அளவைக் குவளையும் புனலும் செய்கிற குடும்பம்.

"வேணாம்னுதான போட்டே? நல்ல தகரம் தனபாலு, சீமைத் தகரம்" என்று இரண்டு புதுப் புனல்களைக் காட்டினார்.

விஷயத்தைச் சொன்னதும் பாய்க்கு முகம் வாடிவிட்டது. தாமஸ் தரையில் கரிக்கட்டியால் ஒவ்வொரு மூடியின் வடிவத்தையும் வரைந்து காட்டினான். பாய் எண்ணெய் டின்னை வெட்டி, தட்டி, வளைத்து, வைத்துப் பார்த்து, மறுபடி தட்டினார். ரப்பர் பட்டைக்கு மாட்டு வண்டி டயரிலிருந்து கீற்று அறுத்தோம்.

இன்ஜினைப் பிரித்தபோது ஒரு பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு, மரச் சுத்தியால் தட்டித் தட்டி எடுத்தோம். கீறலை உப்புத் தாள் போட்டு மணிக்கணக்காக இழைத்தான் தாமஸ். அம்மாள் கொண்டுவந்த உதிரிப் பெட்டியில் புது ரிங்குகள் இருந்தன. பிழைத்தோம்.

வேலை செய்துகொண்டே பேசுவான். சிலிண்டரின் செதில்களுக்கு நடுவே எண்ணெயும் புழுதியும் வேர்க்கடலைத் தொலியும் சேர்ந்து அடை மாதிரி ஒட்டியிருந்தது. அதைப் பிரஷ்ஷால் சுரண்டி, "இது ஒரு கம்பளி" என்பான். அம்மா மெதுவாகப் போனால் சூடாகாது என்று நினைத்து டாப் கியரிலேயே உருட்டியதும் தப்பு. விசிறி இன்ஜினோடு சுற்றுகிறது. இன்ஜின் சோம்பினால் விசிறியும் சோம்பும். "ஒரு கியர் இறக்கி, இஞ்சின கொஞ்சம் பாட வுடணும். அப்பத்தான் காத்து." நம் ஊர்ப் பெட்ரோலுக்கு இன்ஜின் உள்ளே 'டக்டக்' என்று அடிக்கும், அதற்காகப் பொறி விழுகிற நேரத்தை ஒரு மயிரிழை தள்ளி வைக்க வேண்டும். ஓடி வந்தவுடன் நிறுத்தக் கூடாது. ஒரு நிமிஷம் சும்மா ஓட விட வேண்டும். பாதிக்கு மேல் அவனும் அவன் அப்பாவும் சேர்ந்து கண்டுபிடித்தது.

சாமி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆனாலும் அவன் கை கறுத்த மூன்றாம் நாளே மனசுக்குள் 'அவன்' ஆகிவிட்டான். இன்றைக்கும் எழுதும்போது அப்படித்தான் வருகிறது.

மத்தியானம் அம்மாள் சாப்பாடு கொண்டுவருவார். வசந்தா சமைத்துக் கொடுத்ததுதான். சோறும் கத்திரிக்காய்க் குழம்பும். அவன் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவான். அம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சு அதிகமில்லை. "அந்த ஸ்க்ரூ எங்கே", "இதைப் பிடி" என்கிற மாதிரிதான். ஆனால் நான் பார்க்கப் பார்க்க அந்த அம்மாளின் முகத்தில் வருஷங்கள் குறைந்துகொண்டே வந்தன.

"மெதுவாக"

ஏழாம் நாள். தாமஸ் கை கழுவப் போயிருந்தான். அம்மாள் என் பக்கத்தில் வந்து, வேலை எப்போது முடியும் என்று கேட்டார்.

"நாளை மறுநாள் ஓடிடும்மா" என்றேன் சந்தோஷமாக.

அவர் சந்தோஷப்படவில்லை. மகன் சாப்பிட்ட தட்டைக் கையில் வைத்திருந்தார். "மிஸ்டர் தனபால். மெதுவாக. ப்ளீஸ், மெதுவாக."

புரிந்தது. வண்டி ஓடத் தொடங்கினால் அவனுக்குப் பட்டறையில் வேலை இல்லை.

நான் சரி என்று தலையாட்டினேன். இன்ஜினைக் கெடுத்தவன் நான். இந்த ஒன்றையாவது செய்யலாம் என்று தோன்றியது. எல்லாம் மாட்டி முடிக்கிற அன்றைக்கு, மின்சாரத்தைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற டப்பாவுக்குள் உட்காருகிற ரோட்டர், கட்டைவிரல் அளவு சாமான், அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அது இல்லாமல் வண்டி கிளம்பாது. உதிரிப் பெட்டியிலும் வேறொன்று இல்லை.

"ரோட்டர் காணமே" என்றான் தாமஸ்.

"இங்கதான் எங்கியாவது வுழுந்திருக்கும்" என்றேன்.

அவன் தேடினான். பட்டறைத் தரை மண் தரை. முதல் நாள் கையால் துழாவினான். இரண்டாம் நாள் எங்கள் வீட்டுக்குப் போய் வசந்தாவிடம் மாவுச் சல்லடையைக் கேட்டு வாங்கி வந்தான். முட்டி போட்டுக்கொண்டு, மூலையிலிருந்து ஆரம்பித்து, பிடி பிடியாக மண்ணைச் சலித்தான். மூன்றாம் நாளும் சலித்தான். நான் ஸ்கூட்டர் ஒன்றைப் பிரித்துக்கொண்டு, அவன் முதுகைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். மார்த்தா அம்மாளும் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்ப்பதை நிறுத்திவிட்டோம்.

நாலாம் நாள் காலை பத்து மணி இருக்கும். வசந்தா பட்டறைக்கு வந்தாள். அவள் பட்டறைக்கு வருகிற வழக்கமே இல்லை. கையில் சோப்பு நுரை காயவில்லை.

நேரே தாமஸிடம் போனாள். "சாமி, நீங்க தேடறது இதா பாருங்க. இவரு காக்கிச் சட்டையில இருந்துச்சு."

அவன் வாங்கிப் பார்த்தான்.

வசந்தா என் பக்கம் திரும்பினாள். "மூணு நாளா அந்தப் புள்ள மண்ணுல முட்டி தேய நிக்குது. எப்படிங்க பாத்துக்கினு இருந்தீங்க?"

மார்த்தா அம்மாள் எழுந்து மகனிடம் என்னமோ சொன்னார். தன் மார்பைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார். பழி தன்னுடையது என்று சொல்கிறார் என்று பாஷை தெரியாமலே புரிந்தது. தாமஸ் ரோட்டரை அதன் இடத்தில் வைத்தான். மூடியை மாட்டினான். சாவியைத் திருப்பினான். இன்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. பழைய விசில், சுத்தமான விசில்.

ஒரு நிமிஷம் ஓட விட்டு நிறுத்தினான். துணியில் கையைத் துடைத்தான். யாரையும் பார்க்காமல் இறங்கி நடந்துவிட்டான். அம்மாள் ரோடு வரைக்கும் பின்னால் போனார். அவன் திரும்பவில்லை.

மெட்ராஸ் ரோடு

வண்டியை இந்தியாவுக்குள் வைத்திருக்க அந்த அம்மாளுக்குக் கொடுத்திருந்த அனுமதி வைகாசியோடு முடிந்தது. வந்த வழியே திரும்ப ஓட்டிப்போக அவரிடம் தெம்பு இல்லை. மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து ஒரு சரக்குக் கப்பல். அதிலேயே அவருக்கும் ஒரு அறை. கிளம்புகிற நாள் டீக்கடை வரைக்கும் தெரிந்திருந்தது.

கிளம்புகிறவரை தினமும் நாலு மணிக்கு மலையைச் சுற்றினார். ஒரு கியர் இறக்கி, இன்ஜினைப் பாடவிட்டு. யாரும் இறங்கி வரவில்லை.

கடைசி நாள் விடியலில் நானும் கூடப் புறப்பட்டேன். வழியில் சூடானால் பார்க்க ஆள் வேண்டுமே. வசந்தா எலுமிச்சம்பழச் சோறு கட்டிக் கொடுத்து, அந்த அம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "என்மேல கோவமாம்மா?" என்று கேட்டாள். அவருக்குப் புரிந்ததோ என்னவோ, வசந்தாவின் கன்னத்தைத் தட்டிவிட்டு வண்டியில் ஏறினார்.

ஊர் எல்லை தாண்டி, செஞ்சி ரோட்டில் வெளிச்சம் வருகிற நேரம். ரோட்டோரத்தில் ஒரு ஆள் நின்று கையைக் காட்டினான்.

அம்மாள் பிரேக்கை அழுத்தியதில் நான் முன்னால் போய் முட்டிக்கொண்டேன். தாமஸ் வந்து பின்மூடியைத் திறந்தான். குனிந்து கேட்டான்.

"ஆயில் பாத்தீங்களா, அண்ணா?"

"பாத்தேன் சாமி."

"திருப்பிப் பாருங்க."

பார்த்தேன். சரியாக இருந்தது. அவன் ஓட்டுகிற பக்கம் வந்து நின்றான். அம்மாள் பக்கத்து சீட்டுக்கு நகர்ந்தார். நான் பின்னால் ஒரு பை வைக்கிற இடத்தில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அப்படி ஒருவர் கார் ஓட்டி அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. செஞ்சிப் பாறைகள் காலையிலேயே அனல் விட்டன. அவன் காதாலேயே ஓட்டினான். மேட்டில் கியரை முன்னாடியே இறக்குவான். லேசாக 'டக்' என்றால் காலைத் தளர்த்துவான். திண்டிவனத்துக்கு இந்தப் பக்கம் ஒரு புளியந்தோப்பில் நிறுத்தி, ஒரு மணி நேரம் ஆறவிட்டோம். அம்மாவும் மகனும் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். அவர் என்னமோ சொல்ல, அவன் வாயில் சோற்றோடு சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வண்டி மெட்ராஸ் போய்ச் சேரும்வரை சூடாகவே இல்லை.

துறைமுகத்தில்

மறுநாள் காலை, கிரேன் வலைக்கயிற்றில் தவளை வண்டியைத் தூக்கியது. அது அந்தரத்தில் ஆடியபோது அம்மாள் மகனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வண்டி இறங்கிய பிறகும் விடவில்லை.

என்னிடம் வந்தார். நான், "மன்னிச்சிடுங்கம்மா, இஞ்சினக் கெடுத்தது நான்தான்" என்றேன். அவர் தலையை ஆட்டி, நெற்றியில் என் கையை வைத்துக்கொண்டார். மகனை அணைத்தார். படியேறிப் போய்விட்டார்.

ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் தாமஸ் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தான். செங்கல்பட்டு தாண்டிய பிறகு என் பக்கம் திரும்பினான்.

"கூப்புடுவாங்கன்னு நெனச்சேன், அண்ணா" என்றான்.

"எங்க?"

"வீட்டுக்கு. வான்னு கேப்பாங்க, வரலன்னு சொல்லணும்னு ரெடியா இருந்தேன். ராத்திரியெல்லாம் சொல்லிப் பாத்துக்கினு இருந்தேன். கடைசி வரைக்கும் கேக்கவே இல்ல."

"என்னதான் சொன்னாங்க?"

"ஒடம்ப பாத்துக்கோன்னாங்க. அவ்ளோதான்."

அதற்குப் பிறகு முகத்தை ஜன்னலுக்கு வெளியே வைத்துக்கொண்டான். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

திருவண்ணாமலையில் இறங்கும்போது நாலு மணி. பஸ் ஸ்டாண்டிலிருந்து அவன் மலைப்பக்கம் திரும்புவான் என்று நினைத்துக் கும்பிட்டேன். அவன் என் கையைப் பிடித்து, "தபாலாபீஸ் இந்நேரம் தெறந்திருக்குமா?" என்று கேட்டான்.

திறந்திருந்தது. நீல நிற ஏரோகிராம் ஒன்று வாங்கிக்கொண்டு, பசை கொட்டிக் காய்ந்த அந்தச் சாய்வுப் பலகை முன்னால் நின்றான். நகக்கண்களில் இன்னும் கிரீஸ் இருந்தது. மேலே விலாசம் எழுதினான். பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான்.

"என்னா எழுதறதுன்னு தெரியல, அண்ணா."

"போய்ச் சேந்துட்டீங்களான்னு கேளு" என்றேன். முதல் தடவையாக அவனை நேராகவே 'நீ' என்று சொல்லிவிட்டேன். அவன் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் பேசாமல் இருந்தான். எழுத ஆரம்பித்தான். ஆரம்பித்த பிறகு நிறுத்தவே இல்லை. பக்கம் நிறைந்து, மடிக்கிற ஓரத்திலும் எழுதினான்.

அம்மாள் கடலில் போய்ச் சேர ஒரு மாசத்துக்கு மேல் ஆகும். கடிதம் விமானத்தில் போகும். அவர் தன் வீட்டுக் கதவைத் திறக்கிறபோது அது உள்ளே விழுந்து கிடக்கும்.